நோட்டுப் புத்தகமா, ஆஸ்பத்திரியா, பத்து நாள் மௌனமா, சாமியாட்டமா: உள்ளே ஒளிந்திருப்பதைப் பார்க்க எது சரிப்படும்?

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் தெரிந்தே மறைத்து வைத்திருக்கும் விஷயம் என்றால் ஒரு நோட்டும் பேனாவும் போதும். உங்களுக்கே தெரியாமல் உங்களை ஆட்டிவைக்கிற விஷயம் என்றால் நோட்டு பாதி தூரம்தான் கொண்டுபோகும், எதிரில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும், அவர் பயிற்சி பெற்றவராக இருந்தால் நல்லது, தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அது அரசு மருத்துவமனையிலேயே காசில்லாமல் கிடைக்கிறது. நினைத்தாலே கை நடுங்குகிற, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம் என்றால் தனியாகத் தொடவே தொடாதீர்கள். இந்த மூன்றில் தன்னுடையது எது என்று பார்க்காமலேயே பலர் ரீல்ஸில் ‘ஷேடோ வொர்க்’ (நிழலோடு பழகுவது), ‘இன்னர் சைல்ட்’ (உள்ளே இருக்கும் குழந்தை) என்று எதையோ பார்த்துவிட்டு ஆரம்பிக்கிறார்கள், ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் யாரிடமோ பணத்தைக் கட்டிவிட்டு வந்து நிற்கிறார்கள்.

‘நிழல்’ என்கிற இந்தப் பேச்சு சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங்கிடமிருந்து (1875-1961) வருகிறது. சின்ன வயதில் எதைச் செய்தால் அடி விழுமோ, எதைக் காட்டினால் கேலி செய்வார்களோ, அதை உள்ளே தள்ளிவிட்டு ஊருக்குக் காட்ட ஒரு முகத்தை வைத்துக்கொள்கிறோம். தள்ளியது செத்துப்போவதில்லை, வேறு வழியாக வெளியே வரும். சுருக்கமாக இவ்வளவுதான். இதில் பலரும் விட்டுவிடும் ஒன்று உண்டு: உள்ளே போனதெல்லாம் கெட்டதாக இருக்க வேண்டியதில்லை. வாய்விட்டுச் சிரிப்பது, பாடுவது, ‘எனக்கு வேணும்’ என்று கேட்பது, இவையும்தான் உள்ளே போகின்றன. அடுத்தவரிடம் இருக்கும் ஏதாவது ஒன்று உங்களுக்கு அளவுக்கு மீறி எரிச்சல் தருகிறது என்றால் அங்கே உங்களுடையது ஏதோ இருக்கலாம் என்பது யுங் காட்டிய அடையாளம். அதற்காக எல்லா எரிச்சலையும் நிழல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், கடன் வாங்கித் திருப்பித் தராத மச்சான் மேல் வரும் கோபம் வெறும் கோபம்தான்.

1980களில் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் என்ற அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் இதை இன்னும் எளிதாக்கினார். ஒரு ஆளுக்குள் பல பகுதிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார்: பழைய வலியைச் சுமக்கும் பகுதி, அது வெளியே வராதபடி எல்லாவற்றையும் ஒழுங்காக நிர்வாகம் செய்யும் பகுதி, மீறி வலி மேலே வந்துவிட்டால் குடியோ செல்போனோ சண்டையோ கைக்குக் கிடைத்ததை வைத்து அதை அடக்கும் பகுதி. மூன்றும் அந்த ஆளைக் காப்பாற்றத்தான் முயல்கின்றன என்பது அவர் வாதம். தினமும் டாஸ்மாக் போகிறவரைத் திட்டித் திருத்த முயன்ற குடும்பங்களுக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். (ஆனால் நிறைய வருடம் குடித்தவர் இதையெல்லாம் படித்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதை டாக்டர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.)

நம்ம பக்கம் உள்ளே தள்ளப்படுவது என்ன? அப்பா அம்மா இரண்டு பேரும் பெங்களூரில் கட்டட வேலையில், பிள்ளை ஊரில் பாட்டியோடு. பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வந்து போவார்கள், பஸ் ஏறும்போது பிள்ளை அழுதால் ‘அழுதா அடுத்த தடவ வர மாட்டோம்’ என்பார்கள். அந்தப் பையன் அழாமல் இருக்கக் கற்றுக்கொள்வான், முப்பது வயதில் பெண்டாட்டி இரண்டு நாள் அம்மா வீட்டுக்குப் போனால் ஏன் இவ்வளவு ஆத்திரம் வருகிறது என்று அவனுக்கே விளங்காது. ஒன்பதாவதிலேயே ஹாஸ்டல் பள்ளியில் போடப்பட்டு, மார்க் குறைந்தால் வீட்டு முகத்தில் விழிக்க முடியாது என்று வளர்ந்தவர்கள் இன்று ஓசூர் கம்பெனிகளில் சூப்பர்வைசர்கள், ஒரு சின்னத் தப்பைக்கூட ஒத்துக்கொள்ள வாய் வராது. அப்புறம் பெண்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தர்மபுரிக்கும் வந்தது, அப்போது கிருஷ்ணகிரியும் இந்த மாவட்டத்துக்குள்தான், 2004-ல்தான் பிரிந்தது. அந்தக் காலத்தில் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்து, ‘போதும்பொண்ணு’ என்று பெயர் வைக்கப்பட்டு, இருந்துட்டுப் போகட்டும் என்று வளர்க்கப்பட்டவர்கள் இன்று பிள்ளை பெற்ற அம்மாக்கள். யாருக்கும் பாரமாக இருந்துவிடக் கூடாது என்று விசேஷ வீட்டில் கடைசிப் பந்தி வரைக்கும் நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள்.

எந்த வழி என்று பிரிக்க எனக்கு உதவுவது 1955-ல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்கம் என்ற இரண்டு உளவியலாளர்கள் போட்ட நான்கு கட்டம், இருவர் பெயரையும் ஒட்டி ஜோஹாரி ஜன்னல் என்பார்கள். என்னைப் பற்றி எனக்கும் ஊருக்கும் தெரிந்தது ஒரு கட்டம், எனக்கு மட்டும் தெரிந்தது இன்னொன்று, ஊருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதது மூன்றாவது, யாருக்கும் தெரியாதது நான்காவது. இரண்டாவது கட்டத்துக்கு நோட்டு அருமையான கருவி. மூன்றாவதை எத்தனை நோட்டு எழுதினாலும் பார்க்க முடியாது, ஏனென்றால் எழுதுகிற கையும் பார்க்காத அதே ஆளுடையதுதான். நான்காவது மெதுவாகத்தான் திறக்கும், அதற்கு ஆள் துணை வேண்டும்.

சரி, நோட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். இதற்குப் பின்னால் உருப்படியான ஆராய்ச்சி இருக்கிறது. ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம், தங்களை உலுக்கிய ஒரு சம்பவத்தைப் பற்றி எழுத வைத்தார். நடந்ததையும் அப்போது மனதில் ஓடியதையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதிய அன்றைக்கு மனம் கனத்துத்தான் போனார்கள், ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவு. பின்னால் வந்த நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் பலன் உண்டு, ஆனால் சின்னப் பலன்தான் என்கிறார்கள். இவ்வளவு மலிவான வழிக்கு அது மோசமில்லை. முக்கியமானது, இது சில நாள் வேலை, வருடக் கணக்கில் ஒரே காயத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பது இல்லை. அப்படிச் செய்பவர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் எழுதுவது புலம்பல், இடம் மாறுவதே இல்லை.

காரிமங்கலம் பக்கம் வாக்கப்பட்ட என் சித்தி மகள் இதைச் செய்தாள் (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்). ராத்திரி பாத்திரம் கழுவி முடித்து, மகள் தூங்கியதும், அந்தப் பிள்ளையின் பழைய கணக்கு நோட்டில் பின்பக்கமிருந்து. அவளுக்கு நாத்தனாரைக் கண்டாலே ஆகாது: அம்மா வீட்டுக்கு வந்தால் பிளாஸ்டிக் நாற்காலியை ஃபேனுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள், டிவி ஓடும், காபி கைக்கு வர வேண்டும். முதல் நாள் முழுக்க நாத்தனார் புராணம். இரண்டாம் நாளும் அதேதான், வார்த்தைகள் இன்னும் மோசம். மூன்றாம் நாள் நாத்தனார் வரவே இல்லை, ஒரே ஒரு வரி வந்தது: ‘என்னை யாரும் உட்காருன்னு சொன்னதே இல்ல.’ அதற்குக் கீழே எழுத முடியாமல் பேனாவை மூடிவிட்டாளாம். மறுநாள் எனக்குப் போன் போட்டு, “அண்ணா, எனக்கு அவ மேல கோவம் இல்ல போல, பொறாமை. எனக்கும் அப்படி உக்காரணும்” என்றாள்.

நோட்டு செய்யக்கூடியது அவ்வளவு. நாத்தனார் வந்துபோகும்போது இப்போது எரிச்சல் குறைவு. ஆனால் மகள் டிவி முன்னால் உட்கார்ந்தால் இவள் கத்துவது மட்டும் நிற்கவில்லை, ஏன் கத்துகிறோம் என்று தெரிந்துகொண்டே கத்தினாள், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அந்த இடத்தில்தான் வேறு வழி தேவைப்படுகிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

நோட்டு வழியில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல், ஒளித்துவைக்க இடமில்லாதது. கூட்டுக் குடும்பத்தில் பீரோ சாவி மாமியாரிடம், அரிசி டிரம்முக்குள் வைத்தால் அரிசி எடுக்க வருபவர் கையில். எழுதியதும் கிழித்து அடுப்பிலோ வெந்நீர் அடுப்பிலோ போட்டுவிடுங்கள், பலன் எழுதுவதில்தான், வைத்திருப்பதில் இல்லை. போனில் எழுதுவது எனக்குப் பிடிக்காது, பாதியில் வாட்ஸ்அப் வந்துவிடும்.

நண்பரிடம் கேட்பது மூன்றாவது கட்டத்துக்கு நல்ல குறுக்கு வழி. “நான் எப்போ முகம் மாறறேன்? எந்தப் பேச்சு வந்தா பேச்சை மாத்தறேன்?” என்று பத்து வருடம் பழகிய ஒருவரிடம் கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள், எதிர்வாதம் செய்தால் அவர் நிறுத்திவிடுவார். சொந்தக்காரர்களிடம் கேட்காதீர்கள். அடுத்த பங்காளிச் சண்டையில் அது வெளியே வரும்.

செயற்கை நுண்ணறிவு ஆப்பில் தமிழிலேயே மனசைக் கொட்டுபவர்கள் இப்போது நிறைய. ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள் என்றால் எனக்குப் பதில் இல்லை. ஆனால் அது பெரும்பாலும் நீங்கள் சொல்வதற்கு ஒத்து ஊதும், நீங்கள் சொல்லாமல் விட்டது அதற்குத் தெரியாது, உங்கள் முகம் மாறுவதும் தெரியாது. இரண்டாவது கட்டத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஆஸ்பத்திரி. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் கடைசியாகப் போகிற இடம் இது, முதலிலோ இரண்டாவதாகவோ போயிருக்க வேண்டிய இடமும் இதுவே. தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இரண்டு மாவட்டத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று ஓடுகிறது, அதன் குழு தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் முறை வைத்துப் போகும். அரூரிலோ பென்னாகரத்திலோ தேன்கனிக்கோட்டையிலோ இருப்பவர்கள் எந்தக் கிழமை வருகிறார்கள் என்று உள்ளூர் ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டால் பஸ் காசுகூட மிச்சம்.

அங்கே போனால் யாரைக் கேட்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் மனநலம் படித்த டாக்டர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார், பேச்சு வழியாகச் சிகிச்சை செய்வார், அவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். ஓபி நெரிசலில் டாக்டருக்கு ஒரு ஆளுக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும், அதற்குள் உங்கள் அம்மா அப்பா பெங்களூர் போன கதையைச் சொல்ல முடியாது. தூக்கம், பசி, பயம் பற்றி மட்டும் சொல்லிவிட்டு, “சைக்காலஜிஸ்ட் கிட்ட பேசணும்” என்று நீங்களே கேளுங்கள், கேட்டால் அனுப்புவார்கள். கேட்காவிட்டால் மாத்திரைச் சீட்டோடு வெளியே வருவீர்கள், அந்த மாத்திரை சில நேரம் தேவைதான், ஆனால் நீங்கள் தேடிப் போனது அது மட்டும் இல்லை.

என் சித்தி மகள் போனது இப்படித்தான். அந்த சைக்காலஜிஸ்ட் அம்மா நாத்தனார் கதையையும் உட்காருகிற கதையையும் முழுசாகக் கேட்டுவிட்டு, கருத்து எதுவும் சொல்லாமல், “கத்தறதுக்கு முன்னாடி உடம்புல எங்கம்மா தெரியுது?” என்று கேட்டாராம். இவள் யோசித்துவிட்டுத் தாடை என்றாள், காதுக்குக் கீழே இறுகும். “சரி, அது இறுகினதும் பொண்ணுகிட்ட பேசாதீங்க, முதல்ல நீங்க போய் அவ பக்கத்துல உக்காருங்க. ஒரு டம்ளர் தண்ணி குடிங்க. அப்புறம் என்ன சொல்லணுமோ சொல்லுங்க.” இதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கோ பட்டப்பகலில் வீட்டில் யாருமே இல்லாதபோதும் உட்கார வெட்கமாக இருந்ததாம், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கையில் ஒரு முறம் புளியை வைத்துக்கொண்டு, கொட்டை எடுப்பதுபோலத்தான் முதலில் உட்கார்ந்தாளாம். அடுத்த முறை போனபோது அந்தப் புளியைப் பற்றியே முக்கால்வாசி நேரம் பேசியிருக்கிறார்கள். நோட்டுக்குப் புளியைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது.

‘யாராவது பார்த்துட்டா?’ என்பது நியாயமான பயம், கிண்டல் செய்ய மாட்டேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடிப்பதற்குள் தெரிந்தவர் இரண்டு பேர் வந்துவிடும் ஊர், மனநலப் பிரிவு வாசலில் வரிசையில் நின்றால் ‘பொண்ணுக்கு ஏதோ ஆயிடுச்சாம்’ என்று செய்தி அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேரும், அதுவும் கல்யாணம் பேசும் வயது என்றால் சொல்லவே வேண்டாம். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது: 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையைக் கொடுக்கிறது. ஆனால் வரிசையில் பின்னால் நிற்பவரை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. அதற்கு இரண்டு வழி. ஒன்று, 14416. டெலி மானஸ் என்ற இந்த அரசு எண் 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது, இலவசம், 24 மணி நேரமும், தமிழில் பேசலாம். ஆழமான வேலைக்கு இது போதாது, வாரா வாரம் அதே ஆள் எடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது, ஆனால் உங்களுடையது எந்த ரகம், எங்கே போக வேண்டும் என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய வாசல் இல்லை. மாந்தோப்பில் நின்றுகொண்டு பேசலாம். இரண்டாவது வழி, பக்கத்து ஊர் போவது: தர்மபுரிக்காரர் சேலம், கிருஷ்ணகிரிக்காரர் பெங்களூர்.

பெங்களூர் என்றால் நிமான்ஸ். 1974-ல் இப்போதைய வடிவத்துக்கு வந்த மத்திய அரசு நிறுவனம், நாட்டின் பெரிய மனநல மருத்துவமனைகளில் ஒன்று, நம் பஸ் போகிற ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரியில் ரயில் இல்லாவிட்டாலும் இதற்கு பஸ்ஸே நல்ல வசதி, ஏறக்குறைய 90 கிலோமீட்டர், விடியற்காலை கிளம்பினால் பதிவு நேரத்துக்குப் போய்விடலாம். அரசுக் கட்டணம்தான், தமிழ் பேசுகிறவர்களும் கிடைப்பார்கள். நோய் என்று சொல்லுமளவு இல்லை, தன்னைப் புரிந்துகொள்ளத்தான் உதவி வேண்டும் என்பவர்களுக்கு பிடிஎம் லேஅவுட்டில் தனியாக ஒரு நலவாழ்வு மையமும் வைத்திருக்கிறார்கள். என் கணக்கில் நிமான்ஸ் போக வேண்டியவர்கள் யார் என்றால், உள்ளூரில் பார்த்தும் பிடிபடாதவர்கள், கையை அறுத்துக்கொள்வது, உறவுகள் திரும்பத் திரும்ப உடைவது, நடுவில் சில மணி நேரம் என்ன நடந்தது என்றே ஞாபகம் இல்லாமல் போவது, இந்த மாதிரி இருப்பவர்கள். மற்றவர்களுக்கு அது தூரம். உள்ளே ஒளிந்திருப்பதோடு பழகுவது மாதக் கணக்கில் நடக்கிற வேலை, ஒவ்வொரு வாரமும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பெங்களூர் போய்வர எத்தனை பேரால் முடியும்?

பணம் இருந்தால் ஆன்லைன். ஒரு அமர்வு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், அதற்கு எண்ணூறு, ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்கு மேலும் கேட்பார்கள். மாதம் நாலு என்று போட்டுப் பாருங்கள், சிப்காட் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது வீட்டு வாடகை. அதற்கு ஈடாகக் கிடைப்பது அதே ஆள், அதே நேரம், யாரும் பார்க்காத வசதி. எந்தச் சிகிச்சை முறை என்பதைவிட, எதிரில் இருப்பவரோடு உங்களுக்கு நம்பிக்கை பிடித்ததா என்பது பலனை அதிகம் தீர்மானிக்கிறது என்று ஆராய்ச்சிகள் வெகுநாளாகச் சொல்லி வருகின்றன, அதனால் பெரிய பெயர் முறைகளைப் பார்த்து மயங்காதீர்கள். தமிழில் பேசுபவரைத் தேடுங்கள். ‘உன்னப் பெத்ததுக்கு ஒரு அம்மிக்கல்லைப் பெத்திருக்கலாம்’ என்று கேட்டு வளர்ந்ததை இங்கிலீஷில் சொன்னால் உங்களுக்கே அழுகை வராது. ‘ஹீலர்’, ‘லைஃப் கோச்’ என்று பலகை மாட்டினால் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை, அதனால் என்ன படித்தீர்கள், பதிவு எண் உண்டா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும், நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பத்து நாள் விபாசனா தியானத்தைப் பற்றி நம் பக்கம் ஐடி பையன்கள் மூலம் நிறையப் பேச்சு. பர்மாவில் பிறந்த எஸ்.என். கோயங்கா 1969-லிருந்து இந்தியாவில் கற்றுக்கொடுத்த முறை, சென்னை திருமுடிவாக்கத்திலும் பெங்களூர் பக்கத்திலும் மையங்கள் உண்டு, கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை கொடுக்கலாம். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து, நாளுக்குப் பத்து மணி நேரம் போல உட்கார வேண்டும், பேச்சு கிடையாது, போன் கிடையாது, படிக்கவோ எழுதவோ கூடாது. இதில் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை: இது உள்ளே என்ன கதை இருக்கிறது என்று தேடும் முறையே இல்லை. உடம்பில் எழும் உணர்ச்சியைப் பார்த்துவிட்டு, அதைப் பிடிக்காமல், தள்ளாமல் விடக் கற்றுக்கொடுக்கிறது. தாடை இறுகுவதைச் சட்டென்று கண்டுகொள்ள இதைப்போலப் பயிற்சி இல்லை என்பேன், ஆனால் அது யாருடைய கோபம், எந்த வயதில் வந்தது என்று கேட்டுப் பதில் சொல்ல அங்கே ஆள் கிடையாது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் வில்லபி பிரிட்டனும் சகாக்களும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், தியானத்தில் தீவிரமாக இறங்கியவர்களில் சிலருக்குப் பயம், பழைய நினைவுகள் திரும்பி வருதல், தன்னைவிட்டுத் தானே விலகியதுபோன்ற நிலை எல்லாம் வந்ததைப் பதிவு செய்தார்கள். விண்ணப்பத்திலேயே மனநலச் சிக்கல் உண்டா என்று கேட்பார்கள், அங்கே பொய் எழுதாதீர்கள். முதல் படியாக இதை நான் யாருக்கும் சொல்வதில்லை, கொஞ்ச நாள் யாரோடாவது பேசி, உள்ளே என்ன இருக்கிறது என்று ஓரளவு தெரிந்த பிறகு போனால் சரி.

இனி கோயில். இதை மூடநம்பிக்கை என்று ஒரு வரியில் தள்ளுகிறவர்கள் நம் ஊர்த் திருவிழாவை ஒழுங்காகப் பார்த்ததில்லை. பம்பை அடிக்க அடிக்க, வருடம் முழுக்க வாய் திறக்காத மருமகளுக்குச் சாமி வரும், தலைவிரி கோலமாக நின்று மாமனாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு “என் புள்ளைய பட்டினி போட்டியேடா” என்று கேட்பாள், அந்த மனிதர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு “தப்புதான் தாயி” என்பார். வேறு எந்த நாளில் எந்த வீட்டில் இது நடக்கும்? காவேரிப்பட்டணம் மயானக் கொள்ளையில் காளி வேஷம் கட்டுகிறவர்கள், பாரதக் கூத்தில் ராத்திரி முழுக்கத் துரியோதனனாக நின்றுவிட்டு விடிந்ததும் படுகளத்தில் விழுகிறவர், இவர்களெல்லாம் நல்லவன் நல்லவள் என்ற முகத்தை ஒரு ராத்திரி கழற்றி வைக்க ஊரே இடம் கொடுக்கிறது. யுங் பார்த்திருந்தால் உட்கார்ந்து குறிப்பெடுத்திருப்பார். தமிழ்நாட்டில் ஒரு கோயிலில் தங்கியிருந்த, கடுமையான மனநோய் உள்ள 31 பேரை ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் கவனித்து 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள்: மருந்தில்லாமல், சராசரி ஆறு வாரத் தங்கலில், நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. அவர்கள் காரணம் என்று கருதியது பூஜையை இல்லை, யாரும் விரட்டாத, ஆதரவான அந்தச் சூழலை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு அந்த ஆய்வில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு இதில் உள்ள குறை வேறு. மறுநாள் காலை அந்த மருமகள் வாசல் தெளிக்கும்போது, நேற்றுக் கேட்டது அவள் இல்லை, அம்மன். வீட்டுக்காரர்களுக்கு அது வசதி, அவளுக்கும் பாதுகாப்பு, ஆனால் கோபம் அவளுடையதாக ஆவதே இல்லை, அடுத்த மாசி வரைக்கும் காத்திருக்கும். குறி கேட்கப் போவதிலும் இதே கதை, செய்வினை என்று வந்துவிட்டால் உள்ளே பார்க்க வேண்டிய வேலையே முடிந்துபோகிறது, பழி பக்கத்து வீட்டுக்காரி மேல். அதியமான்கோட்டை பைரவருக்குத் தேய்பிறை அஷ்டமியில் பூசணி விளக்கு ஏற்றிவிட்டு மனசு லேசாகி வருகிறீர்களா, தாராளமாகப் போங்கள், ஆஸ்பத்திரியையும் விடாதீர்கள். அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, சங்கிலி கட்டுவது என்று ஆரம்பித்தால் மட்டும் அந்த நிமிடமே கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத் தீயில் 28 பேர் இறந்தது சங்கிலியில் கட்டியிருந்ததால்தான், 2017 சட்டப்படி சங்கிலி கட்டுவதே குற்றம்.

ஹோட்டல் ஹாலில் நடக்கும் இரண்டு நாள் ‘உள்மனக் காயம் ஆற்றும்’ முகாம்களுக்கு நான் அதிக இடம் கொடுக்கப் போவதில்லை. மெல்லிய இசை, கண்ணை மூடி ஐந்து வயதுக்குப் போங்கள் என்பார்கள், அறையில் பாதிப் பேர் அழுவார்கள், ஞாயிறு சாயங்காலம் அடுத்த லெவலுக்குப் பணம் கேட்பார்கள். திங்கட்கிழமை உங்களுக்கு மூச்சு முட்டினால் போன் எடுக்க ஆள் இருக்கிறாரா என்று பணம் கட்டும் முன் கேட்டுப் பாருங்கள். யுங்கே 1913-க்குப் பிறகு சில வருடம் தன் உள்ளுக்குள் இறங்கி, வந்த கனவுகளையும் உருவங்களையும் எழுதி வைத்தார், அந்த ஏடு 2009-ல்தான் அச்சில் வந்தது. அந்தக் காலத்தில் தன்னைத் தரையில் நிறுத்தியது குடும்பமும் தினமும் பார்த்த நோயாளிகளும்தான் என்று பின்னாளில் சொன்னார். மனநல மருத்துவருக்கே அந்தக் கதி என்றால் இரண்டு நாள் முகாமில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆக, ஆளுக்குத் தகுந்தபடி இப்படிப் பிரிப்பேன். வீடும் வேலையும் ஓடுகிறது, ஆனால் ஏதோ ஒன்று உறுத்துகிறது என்பவர் ஒரு வாரம் நோட்டு எழுதிப் பார்க்கட்டும், மூன்றாம் நாள் நான்காம் நாள் விஷயம் நகர்கிறதா என்பதுதான் சோதனை, நகரவில்லை என்றால் ஆளைத் தேட வேண்டிய நேரம். தெரிந்தும் மாற முடியாதவர் நேராக அரசு சைக்காலஜிஸ்ட். ஷிஃப்ட் வேலையில் ஓபி நேரமே வாய்க்காதவர், கையில் கொஞ்சம் காசு இருந்தால் ஆன்லைன், இல்லாவிட்டால் 14416-ல் ஆரம்பித்து வார விடுமுறை நாளில் தாலுகா ஆஸ்பத்திரி. சின்ன வயதில் யாராவது உடம்பைத் தொட்டது, கண் முன்னால் நடந்த சாவு, அடி உதை, இந்த மாதிரி இருப்பவர் நோட்டிலோ தியானத்திலோ ஆரம்பிக்கவே வேண்டாம். செத்துப்போகலாம் என்ற எண்ணம் இருந்தால் இந்த ஒப்பீடு எல்லாம் அப்புறம், இப்போதே 14416, இல்லையென்றால் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு.

முதல் தடவை போகும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எழுதிய நோட்டை அப்படியே கையில் கொடுக்கவும் வேண்டாம், சமீபத்தில் நடந்த ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு போங்கள், போன வாரம் எதற்குக் கத்தினீர்கள் என்பது போல. இரண்டு மூன்று தடவை போன பிறகும் அவரிடம் வாய் திறக்க வரவில்லை என்றால் வேறு ஒருவரைக் கேளுங்கள், அங்கே ஒருவர்தான் என்றால் சேலமோ ஓசூரோ பாருங்கள், முதலாமவரிடம் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.